கடைசி வருஷ பசங்களை வேலைக்கு தயார் பண்ண ஏஐ-ஐ எப்படி யூஸ் பண்றது? – வேலூர் பக்கம் ஆர்ட்ஸ் காலேஜ்

காட்பாடி_காமர்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் காட்பாடி பக்கம் ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல காமர்ஸ் எடுக்கிறேன், கூடவே பிளேஸ்மென்ட் செல் பொறுப்பையும் என் தலையில கட்டிட்டாங்க. எங்க பசங்க பொண்ணுங்க எல்லாம் அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா, லத்தேரி, கே.வி.குப்பம் பக்கத்துல இருந்து பஸ் பிடிச்சு வர்றவங்க. பாதிக்கு மேல தமிழ் மீடியம், நிறைய பேருக்கு வீட்டுல இதுதான் முதல் டிகிரி. அரசோட 'நான் முதல்வன்' கோர்ஸ் செமஸ்டர்லயே வந்துடுது, அதுல கொஞ்சம் எக்ஸெல், கொஞ்சம் இங்கிலீஷ் கத்துக்கிறாங்க, அது வரைக்கும் ஓகே.

தலைவலி ரெஸ்யூம்ல ஆரம்பிக்குது. பி.காம் ஆகட்டும் பிசிஏ ஆகட்டும் பி.ஏ தமிழ் ஆகட்டும், எல்லாரும் சாட்ஜிபிடில போட்டு எடுத்துட்டு வர்றாங்க, முதல் வரியே "ரிசல்ட்ஸ் ட்ரிவன் டைனமிக் புரொஃபஷனல்". இருபது வயசுப் பொண்ணு, இன்னும் எங்கயும் வேலையே பார்க்கல, ஆனா ரெஸ்யூம்ல ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட் இருக்கு. போன தடவை கேம்பஸுக்கு வந்தவங்க அந்த வார்த்தையைக் காட்டி இது என்னம்மான்னு கேட்டதும் அவ என்னைத் திரும்பிப் பார்க்குறா. கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு, அதைப் பத்தி ஒரு கேள்வி கூட அவங்க கேக்கல, ஏன்னா ரெஸ்யூம்ல அது கடைசி வரியில ஒளிஞ்சிருந்துச்சு.

போனைப் பிடுங்கி வைக்க முடியாது, எனக்கு அப்படித் தோணவும் இல்ல. ஒழுங்கா யூஸ் பண்ணினா எங்க மாதிரி காலேஜ் பிள்ளைங்களுக்குத்தான் இது அதிகமா உதவும்னு நினைக்கிறேன், சென்னை காலேஜ்ல இருக்கிற மாதிரி தனி டிரெய்னர் எல்லாம் எங்களுக்கு யார் தர்றா. ஆனா எப்படி சொல்லித் தர்றது? ஃப்ரீ வெர்ஷன் போதுமா? தமிழ்ல கேட்டா சரியா வருதா? இதுக்கு நடுவுல மேனேஜ்மென்ட் ஒரு போர்ட்டல் வாங்கலாம்னு நிக்குது, ரெஸ்யூம், மாக் இன்டர்வியூ எல்லாம் ஏஐ-யே பார்த்துக்குமாம், ஸ்டூடண்ட்டுக்கு இவ்வளவுன்னு பீஸ். அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

---

ஆம்பூர்_ஹெச்ஆர்:

வணக்கம் மேடம். மேடம்தானே? சாரா இருந்தா மன்னிக்கணும். நான் ஆம்பூர்ல ஷூ எக்ஸ்போர்ட் பண்ற கம்பெனில ஹெச்ஆர் பார்க்கிறேன், வேலூர் வாணியம்பாடி திருப்பத்தூர் பக்கத்து காலேஜ் ரெஸ்யூம் எல்லாம் எங்க மெயிலுக்கு வந்து குவியும், நீங்க சொன்ன அந்த முதல் வரியைப் பார்த்து பார்த்து கண்ணு பூத்துப் போச்சு. ஏஐ யூஸ் பண்ணினதுக்காக யாரையும் தள்ளுறது இல்ல, நாங்களே பையருக்கு மெயில் அடிக்க அதைத்தான் யூஸ் பண்றோம். எழுதியிருக்கிறதுக்கும் எதிர்ல உக்காந்திருக்கிற ஆளுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கு பாருங்க, அங்கதான் ஆளு அவுட்.

நாங்க ஆர்ட்ஸ் காலேஜ் பிள்ளைங்களை எதுக்கு எடுக்கிறோம்னா மெர்ச்சன்டைசிங் அசிஸ்டென்ட், ஸ்டோர்ஸ், பேரோல், பிஎஃப் இஎஸ்ஐ என்ட்ரி, எக்ஸ்போர்ட் டாக்குமென்ட்ஸ். பையர் மெயில்ல சைஸ் வாரியா எத்தனை ஜோடி, எந்தத் தேதிக்கு ஷிப்மென்ட், எந்த லெதர், எந்தக் கலர்னு பிரிச்சு எடுத்து ஷீட்ல போடத் தெரியணும், அவ்வளவுதான். இந்த மாதிரி வேலையை நம்ம பிள்ளைங்க ஏற்கனவே வீட்டுல செஞ்சுக்கிட்டுதான் இருக்காங்க. அம்மாவோட சுய உதவிக் குழு கணக்கு எழுதுற பொண்ணு இருக்கா, மாமா மொபைல் கடையில லீவு நாள்ல பில் போடுற பையன் இருக்கான், ஊர்த் திருவிழா வசூல் நோட்டு முழுக்க தானே பார்த்தவன் ஒருத்தன் வந்தான். இதெல்லாம் ரெஸ்யூம்ல எழுதலாமான்னு அவங்களுக்கே தெரியாது, கேட்டா சிரிக்கிறாங்க. ஏஐ-க்கு மட்டும் எப்படித் தெரியும்? "பி.காம் ஃப்ரெஷருக்கு ரெஸ்யூம் போட்டுக் கொடு"ன்னா உலகத்துல இருக்கிற எல்லா ஃப்ரெஷரையும் கலந்து அரைச்சு ஒண்ணு கொடுக்கும்.

அதனால எழுதச் சொல்லாம, கேள்வி கேக்கச் சொல்லுங்க. தமிழ்லயே அடிக்கலாம், தங்கிலீஷ்ல அடிச்சாலும் புரிஞ்சுக்கும். நான் என் அக்கா பொண்ணுக்கு கொடுத்தது இது, அப்படியே எடுத்துக்கோங்க: "நான் பி.காம் மூணாவது வருஷம். நீ என்னை இன்டர்வியூ எடுக்கிற மாதிரி ஒவ்வொரு கேள்வியா கேளு. வீட்டுல, கடையில, காலேஜ்ல நான் செஞ்ச வேலை, கையாண்ட பணம், யூஸ் பண்ணின சாஃப்ட்வேர், எத்தனை பேரோட வேலை செஞ்சேன், இதெல்லாம் கேளு. நான் பதில் சொன்னா அதுல இருந்து அடுத்த கேள்வி கேளு. போதும்னு சொல்ற வரைக்கும் ரெஸ்யூம் எழுதாத. எழுதும்போது நான் சொல்லாத ஒரு விஷயத்தையும் சேர்க்காத, எளிய இங்கிலீஷ்ல எழுது." அரை மணி நேரம் ஆகும். வர்றது பளபளன்னு இருக்காது, ஆனா அந்தப் பிள்ளையோட ரெஸ்யூமா இருக்கும். அப்புறம் ஒரே ஒரு கண்டிஷன் போடுங்க, எந்த வரியைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேச முடியலயோ அந்த வரியை அடிச்சுடணும்.

இன்னொண்ணு, ஏடிஎஸ்னா வர்ற ரெஸ்யூமை எல்லாம் வாங்கி வடிகட்டுற சாஃப்ட்வேர், அதுல ஸ்கோர் 95 வந்துச்சு சார்னு ஸ்க்ரீன்ஷாட் வேற அனுப்புறாங்க. அப்படி எல்லா கம்பெனிக்கும் பொதுவா ஒரு ஸ்கோரே கிடையாது, ஒவ்வொரு வெப்சைட்டும் அது அதுக்கு ஒரு கணக்கு வெச்சு நம்பர் போட்டு கடைசில காசு கட்டச் சொல்லும். பெரிய கம்பெனில ஏடிஎஸ் சாஃப்ட்வேர் இருக்கு, உண்மைதான். அதுக்காக பக்கத்தை ரெண்டா பிரிச்ச டிசைன், டேபிள், படத்துக்குள்ள எழுத்து இதெல்லாம் தவிர்த்துட்டு சாதாரண ஒரு பக்க பிடிஎஃப் போட்டா போதும். எங்க மாதிரி கம்பெனில அதுவும் கிடையாது, வாட்ஸ்அப்ல வந்ததை போன்லயே திறந்து பார்ப்போம். ஃபைல் பேரு "நியூ ரெஸ்யூம் ஃபைனல் ஃபைனல் 2"ன்னு இருந்தா யாருதுன்னு எப்படித் தேடுறது? பேரும் கோர்ஸும் போட்டு சேவ் பண்ணச் சொல்லுங்க மேடம், புண்ணியமா போகும்.

---

குடியாத்தம்_எக்ஸ்பிரஸ்:

மேம் நான் குடியாத்தம், தமிழ் மீடியம், பி.எஸ்சி மேத்ஸ், இப்போ பெங்களூர்ல சப்போர்ட் வேலைல இருக்கேன். ரெஸ்யூம் பத்தி ஹெச்ஆர் அண்ணா சொன்னது கரெக்ட். எனக்கு அதை விட பெரிய பிரச்சனை வாயைத் திறக்கிறதுதான். கிளாஸ்ல எழுந்து இங்கிலீஷ்ல பேசினா பின்னாடி பெஞ்ச்ல கெக்கெக்கேன்னு சிரிப்பாங்க, அதுக்கு பயந்துக்கினே மூணு வருஷம் ஓட்டினேன். ஏஐ-யோட வாய்ஸ் மோட்ல பேச ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் கூச்சம் போச்சு, அது சிரிக்காது, எத்தனை தடவை தப்பா சொன்னாலும் சலிச்சுக்காது. மொட்டை மாடில நடந்துக்கினே பேசுவேன், எங்கம்மா யாரோ பொண்ணு கூட பேசுறான்னு ரொம்ப நாள் சந்தேகத்துல இருந்தாங்க.

ஆனா ஒண்ணு, சும்மா விட்டா அது எதைச் சொன்னாலும் கிரேட் ஆன்சர்னு சொல்லிக்கினே இருக்கும். அதை நம்பிப் போனா இன்டர்வியூல மூக்கு உடைஞ்சு வரணும். ஆரம்பத்துலயே சொல்லிடணும், பாராட்ட வேணாம், நான் முழுசா பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க வராத, முடிச்சதும் பெரிய தப்பு ரெண்டு மட்டும் சொல்லு, அதே கேள்வியை மறுபடி கேளுன்னு. எல்லா தப்பையும் சொல்லச் சொன்னீங்கன்னா பத்துப் பதினைஞ்சு சொல்லும், மனசு விட்டுப் போயிடும், ரெண்டு போதும். கிராமர் விளக்கம் தமிழ்ல கேளுங்க, பதில் மட்டும் இங்கிலீஷ்ல சொல்லிப் பழகுங்க. டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்-க்கு அது எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணவே கூடாது, நடுவுல ஒரு வார்த்தை மறந்தா மொத்தமும் போச்சு. நாலு பாயின்ட் மனசுல வெச்சுக்கினு தினமும் வேற வேற மாதிரி சொல்லிப் பார்க்கணும்.

ஃப்ரீல வாய்ஸ்க்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்னு லிமிட் இருக்கும். காசு கட்டத் தேவையில்லைனுதான் சொல்வேன், ஒண்ணு முடிஞ்சா கூகுளோட ஜெமினிக்குப் போயிடலாம். 2025-ல ஏர்டெல்காரங்க பெர்ப்ளெக்சிட்டி புரோவை ஒரு வருஷம் ஃப்ரீன்னாங்க, ஜியோல ஜெமினி புரோ பதினெட்டு மாசம்னாங்க, சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம்னாங்க, நம்ம ஊரு மொத்தமும் ஃப்ரீலயே ஓடிடுச்சு. கார்டோ யுபிஐ-யோ கேட்டு வாங்கியிருந்தா மட்டும் ஆட்டோபே ஓடுதான்னு பார்த்துக்கச் சொல்லுங்க, காலம் முடிஞ்சதும் அப்பா அக்கவுண்ட்ல இருந்து காசு போனா வீட்டுல ரணகளம்.

ஆப்டிடியூட்க்கும் நல்லா ஹெல்ப் ஆகும், ஆனா விடையைக் கேக்காதீங்க. கணக்கை நீங்க போட்டு, போட்ட ஸ்டெப்ஸை போட்டோ எடுத்துப் போட்டு எங்க தப்புன்னு கேளுங்க. பிசிஏ பசங்களுக்கு இதை இன்னும் அழுத்தி சொல்லணும் மேம். புராஜெக்ட் கோடு முழுக்க ஏஐ எழுதி, ரெக்கார்ட் நோட்டு ஏஐ எழுதி, கடைசில நெட் இல்லாத ஒரு சிஸ்டத்துல உக்கார வெச்சு ஒரு ஸ்ட்ரிங்கை ரிவர்ஸ் பண்ணுன்னா கை நடுங்குது. என் ரூம்மேட்டுக்கே நடந்துச்சு.

---

பாலாத்தங்கரை:

நான் ராணிப்பேட்டை பெல் கம்பெனில இருந்து ரிட்டையர் ஆனவன். பேரப்பசங்க வெச்சிருக்கிறதைப் பார்த்து நானும் இந்த ஏஐ-ல தட்டிப் பார்க்கிறவன்தான், ஒரேயடியா எதிர்ப்பு கிடையாது. ஆனா நீங்க எல்லாரும் பிரைவேட் வேலையையே பேசிக்கினு இருக்கீங்க. எங்க தெருவுல பாதி பேரு குரூப் 4-ன்னும், மீதி பேரு அப்ரென்டிஸ்னும் உக்காந்திருக்காங்க, அவங்க இதுல ஏமாந்து போறதைத்தான் நான் பார்க்கிறேன். ஐடிஐ முடிச்ச பையன் ஒருத்தன், அப்ளிகேஷன் கடைசித் தேதி ஏஐ-ல கேட்டுக்கினு ஜாலியா இருந்தான், அது பழைய வருஷ நோட்டிஃபிகேஷன் தேதி. போச்சு.

தேதி, வயசு வரம்பு, பீஸ், கட் ஆஃப் இந்த நாலும் ஏஐ-ல கேக்கவே கூடாது, கேட்டாலும் அங்கேயே நிக்கக்கூடாது. டிஎன்பிஎஸ்சி-ன்னா டிஎன்பிஎஸ்சி சைட், அப்ரென்டிஸ்னா அதுக்குரிய அரசு போர்ட்டல், கம்பெனியோட சொந்த சைட். இன்னொண்ணு நம்ம ஊர்ல முக்கால்வாசி பேருக்குத் தெரியறது இல்ல, அப்ரென்டிஸ்னா ஐடிஐ டிப்ளமோ மட்டும்னு நினைச்சுக்கினு இருக்காங்க. 1961 சட்டம் அது, பின்னாடி திருத்தம் வந்து பி.ஏ, பி.காம், பி.எஸ்சி படிச்சவங்களும் ஒரு வருஷம் ஸ்டைபெண்டோட போகலாம்னு ஆச்சு. தென் மாநிலங்களுக்கு சென்னை தரமணில இருக்கிற அப்ரென்டிஸ் பயிற்சி போர்டுதான் பார்க்குது. இதை டீச்சரம்மா பசங்களுக்கு சொல்லணும், ஏஐ தானா சொல்லாது, கேட்டாத்தான் சொல்லும்.

குரூப் 4-க்கு ஏஐ-ஐ வெச்சு படிக்கலாமான்னா, தமிழ்ப் பகுதிக்கு பார்த்து. 200 கேள்வில 100 தமிழ், 150 மார்க்குக்கு 60 எடுக்கலைன்னா மீதிப் பேப்பரைத் திருத்தவே மாட்டாங்க. இந்த ஏஐ கிட்ட ஒரு குறளைப் பாதி சொல்லி மீதியைக் கேட்டுப் பாருங்க, இல்லாத குறளை எழுதிக் கொடுக்கும், அதிகாரம் பேரும் அழுத்தம் திருத்தமா சொல்லும், படிச்சவனே ஒரு நிமிஷம் நம்பிடுவான். என் பேத்தி ஒரு வழி பண்றா, அது பரவாயில்ல. நோட்புக்எல்எம்னு கூகுளோடது ஒண்ணு, அதுல ஸ்கூல் தமிழ் புக் பிடிஎஃப்பை ஏத்திட்டு அதுக்குள்ள இருந்து மட்டும் கேள்வி எடுக்கச் சொல்றா, எந்த இடத்துல இருந்து எடுத்துச்சுன்னும் காட்டுது, தட்டிப் பார்த்து சரியான்னு பார்த்துக்கலாம். அதுக்கும் மேல மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வ பயிலும் வட்டம்னு இலவசமா கிளாஸ் நடக்குது, அங்க போய் நாலு பேரோட குந்தி படிக்கிறது வேற. வீட்டுல போனைப் பார்த்துக்கினு தனியா படிக்கிறவன் படிக்கிறானா ரீல்ஸ் பார்க்கிறானான்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அப்புறம் வேலை கன்ஃபார்ம், டெபாசிட் கட்டுன்னு வர்ற லெட்டர் எல்லாம் இப்போ ஒரு எழுத்துப் பிழை கூட இல்லாம வருது. முன்னாடி இங்கிலீஷ் தப்பை வெச்சே டுபாக்கூர்னு கண்டுபிடிப்போம், அந்த வழியும் போச்சு. காசு கேட்டா வேலை இல்ல, அவ்வளவுதான் விஷயம்.

---

குடியாத்தம்_எக்ஸ்பிரஸ்:

ஐயா சொன்ன குறள் மேட்டர் இப்போ டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், செமையா ஒண்ணு எழுதிச்சு, ஏழு சீர் கூட கரெக்டா வரல.

---

ஆரணி_மேத்ஸ்:

நான் ஆரணி பக்கத்து காலேஜ், நாங்களும் இந்தப் போர்ட்டல் சடங்கைக் கடந்து வந்துட்டோம், அதனால அதைப் பத்தி மட்டும் சொல்றேன் மேடம். வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி எழுத்துல கேளுங்க. பிள்ளைங்க டேட்டா எங்க இருக்கு, யாருக்குக் கொடுப்பீங்க, கான்ட்ராக்ட் முடிஞ்சதும் அழிப்பீங்களா. 2023-லயே டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சு, நாம கேக்கிறதுல தப்பே இல்ல. எங்ககிட்ட வந்தவங்க ஆதார் நம்பர், சாதி, அப்பா சம்பளம் வரைக்கும் ஃபார்ம்ல கேட்டாங்க, மாக் இன்டர்வியூவுக்கு அப்பா சம்பளம் எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல, கம்பல்சரி ஃபீல்டு சார்னு மட்டும் சொன்னாங்க. ஃப்ரீ ஆப்லயும் இதே கதைதான், ஆதார், மார்க் ஷீட், சர்டிபிகேட் எதையும் போட்டோ எடுத்து ஏத்தக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க. ரெஸ்யூம் போடும்போது போன் நம்பர், அட்ரஸ் எடுத்துட்டு போட்டா போதும், கடைசில கையால சேர்த்துக்கலாம். செட்டிங்ஸ்ல நாம பேசினதை ஏஐ-ஐப் பழக்குறதுக்கு எடுக்காதேன்னு ஆஃப் பண்ற இடம் இருக்கு, அதையும் லேப்ல உக்கார வெச்சு ஒவ்வொருத்தரையா ஆஃப் பண்ண வெச்சோம்.

அடுத்தது அந்தப் போர்ட்டல் கொடுக்கிற மார்க். முகபாவனை 6, தன்னம்பிக்கை 4-ன்னு ரிப்போர்ட் வரும். கேமராவைப் பார்த்து முகத்தை வெச்சு வேலைக்குத் தகுதி சொல்ற வேலையை, அந்தத் தொழில்ல பெரிய கையான ஹயர்வ்யூ-வே எதிர்ப்பு கிளம்பி விட்டுட்டோம்னு 2021-ல அறிவிச்சுட்டாங்க. அமேசான் இன்னும் முன்னாடி, 2014-ல ஆரம்பிச்சு ரெஸ்யூமுக்கு மார்க் போட ஒண்ணு பண்ணினாங்க, பழைய பத்து வருஷ ரெஸ்யூமை வெச்சுப் பழக்கினாங்க, அதுல பெரும்பாலும் ஆம்பளைங்க, அதனால "பெண்கள் செஸ் கிளப் கேப்டன்" மாதிரி எங்கயாவது பெண்கள்னு வந்தாலே மார்க்கைக் குறைச்சுது. மூடிட்டாங்க, 2018-ல ராய்ட்டர்ஸ் செய்தியா வந்துச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த கதின்னா, லத்தேரில இருந்து வர்ற பொண்ணோட உச்சரிப்பைக் கேட்டுட்டு தன்னம்பிக்கை 4-ன்னு ஒரு போர்ட்டல் சொல்றதை நான் எதுக்கு நம்பணும்? அந்த நம்பரைப் பார்த்து எங்க பொண்ணு ஒருத்தி அடுத்த கேம்பஸ் இன்டர்வியூவுக்கே பேர் கொடுக்கல. எனக்கு இன்னும் அந்தக் கோபம் போகல.

என்ன வேலைக்குப் போகலாம்னு ஏஐ கிட்ட கேக்கிறதையும் கொஞ்சம் பார்த்துக்கோங்க. எந்த டிகிரி சொன்னாலும் டேட்டா அனலிஸ்ட், டிஜிட்டல் மார்க்கெட்டிங், கன்டென்ட் ரைட்டர்னு அதே மூணைத்தான் சுத்தி சுத்தி சொல்லுது. நம்ம ஏரியால உண்மையா ஆள் எடுக்கிறது எங்க? வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில பில்லிங், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் மாதிரி டாக்டர் நர்ஸ் இல்லாத வேலையே எவ்வளவு இருக்கு, ராணிப்பேட்டை சிப்காட் இருக்கு, மேல்விஷாரம் ஆம்பூர் லெதர், எங்க ஆரணில பட்டு, அரிசி மில் அக்கவுண்ட்ஸ். இதை அது சொல்லாது, பழைய ஸ்டூடண்ட்ஸைக் கூப்பிட்டுப் பேச வெச்சுத்தான் ஆகணும். அவங்க சொன்ன வேலையை எடுத்துட்டுப் போய், இந்த வேலைக்கு என்ன தெரியணும், எனக்கு என்ன குறையுது, ரெண்டு மாசத்துல எப்படிக் கத்துக்கிறதுன்னு கேட்டா அங்க நல்லா பதில் வரும். மேனேஜ்மென்ட் காசு செலவு பண்ணியே தீருவேன்னா லேப்ல பத்து ஹெட்போனும் மைக்கும் வாங்கச் சொல்லுங்க, வாய்ஸ் பிராக்டிஸுக்கு அதுதான் இல்லாம தவிக்கிறோம்.

---

காட்பாடி_காமர்ஸ்:

மேடம்தான் சார். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கல. ஹெச்ஆர் சார் கொடுத்ததை நேத்து நாலு பொண்ணுங்களோட ட்ரை பண்ணினேன். ஒருத்தி மூணு கேள்விலயே போதும் மேடம்னு எழுந்துட்டா. ஒருத்தி வீட்டுல பீடி கமிஷன் கணக்கு, எத்தனை பேருக்கு எவ்வளவு இலை கொடுத்தது, எவ்வளவு திரும்பி வந்ததுன்னு ஸ்கூல் படிக்கும்போதுல இருந்து அவதான் எழுதுறாளாம், மூணு வருஷமா என் கிளாஸ்ல இருக்கா எனக்கே இது தெரியாது. ஏஐ அதை உடனே "சப்ளை செயின் ஆபரேஷன்ஸ் லீட்"னு எழுதிடுச்சு, சொல்லாததைச் சேர்க்காதன்னு சொல்லியும். ரெண்டாவது தடவை திட்டினதும் ஸ்டாக் ரெஜிஸ்டர் பராமரிப்புன்னு மாத்துச்சு.

பெரியவர் சொன்ன டிகிரி அப்ரென்டிஸ் விஷயத்தை நோட்டீஸ் போர்டுல போட்டுட்டேன். போர்ட்டலுக்கு ஆரணி சார் சொன்ன மூணு கேள்வியையும் லெட்டரா அடிச்சு பிரின்சிபால் டேபிள்ல வெச்சாச்சு, பார்ப்போம். ஒரே சந்தேகம், மாக் இன்டர்வியூல ஏஐ ரொம்ப பொதுவா கேக்குது, வாட் ஆர் யுவர் ஸ்ட்ரெங்த்ஸ் மாதிரியே. நிஜ கம்பெனில கேக்கிற மாதிரி கேக்க வைக்க என்ன பண்ணலாம்?

---

ஆம்பூர்_ஹெச்ஆர்:

அந்தப் பீடிக் கணக்குப் பொண்ணை எங்களுக்கு அனுப்புங்க மேடம், ஸ்டோர்ஸ்ல ஆள் தேவை இருக்கு, சும்மா சொல்லல.

கேள்விக்கு வர்றேன். வேலை விளம்பரத்தோட முழு டெக்ஸ்ட்டை உள்ள போடணும், கூட அந்த வேலையில தினமும் வர்ற பேப்பர் ஒண்ணும் போடணும், அப்போதான் கேள்வி கூர்மையா வரும். எங்க வேலைக்குன்னா ஒரு பையர் மெயிலைப் போட்டு, இதுல சைஸ் 38-க்கு எத்தனை ஜோடி, ஷிப்மென்ட் தேதி தள்ளினா யாருக்குச் சொல்லணும், இதுக்கு பதில் மெயில் எப்படி எழுதுவன்னு கேளுன்னா அப்படியே நாங்க கேக்கிற மாதிரியே கேக்கும். பையர் பேரு, ஆர்டர் நம்பர், விலை எல்லாம் எடுத்துட்டு நாலஞ்சு சாம்பிள் மெயில் நான் ரெடி பண்ணித் தர்றேன், எம்டி கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. சனிக்கிழமை மதியம் லேப் ஃப்ரீயா இருந்தா சொல்லுங்க, நானே நேர்ல வந்து ஒரு ரவுண்டு எடுக்கிறேன், ஆம்பூர்ல இருந்து ஒரு பஸ்தானே.